பழைய வயலின்களின் வயதும் மதிப்பும்: ஒரு மறுப்பு

நூலொன்றின் காலத்தை அதன் தலைப்பில் நிற்கும் ஆசிரியர் பெயரைக் கொண்டு மாத்திரம் தீர்மானித்துவிட முடியாது என்பது தமிழிலக்கிய வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்றாகும். அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் யாவும் சங்க காலத்துக்கு முற்பட்டவை என்று இன்று ஒருவர் வகுப்பறையில் எழுந்து கூறுவாராயின் அவர் நகைப்புக்கே இடமாவார். ஔவையார் ஒருவரா பலரா என்னும் வினாவுக்கு முதலாம் ஆண்டு மாணவரும் மொழிநடை, யாப்பு, சமயக் கருத்து எனச் சான்று தேடியே விடையளிப்பர். ஆயின் இதே மாணவரும், அவர்க்குக் கற்பிப்போருட் சிலரும், இணையத்தில் ஏலத்துக்கு வரும் பழைய வயலின் ஒன்றின் படத்தைக் கண்டதும் அகச்சான்று, புறச்சான்று யாவற்றையும் கைவிட்டு, அதன் வயிற்றுக்குள் ஒட்டப்பட்ட காகிதச் சீட்டிலுள்ள பெயரையும் ஆண்டையும் அவ்வாறே நம்பிவிடுகின்றனர். இக்கட்டுரை அந்த நம்பிக்கையை மறுக்க எழுந்தது. நம்பிக்கை பொய்த்தபின் அதே வேகத்தில் எழும் இகழ்ச்சியையும் அது மறுக்கின்றது.

நம் பீடத்து மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததே இதை எழுதத் தூண்டியது. சிறுவயது முதல் கர்நாடக இசை பயின்ற அவளுக்குப் புலம்பெயர்ந்து வாழும் தாய்மாமன் ஒருவர் இணையவழியாகப் பழைய வயலின் ஒன்றை வாங்கி அனுப்பினார். இரவு வேலை செய்து சேர்த்த பணம் அது. சீட்டிலே ஸ்ட்ராடிவாரியின் பெயரும் 1721 என்ற ஆண்டும் இருந்தன. விற்றவர், தமக்கு வயலினைப் பற்றி ஒன்றும் தெரியாதென்றும், பாட்டனாரின் வீட்டுப் பரணிலே கிடந்ததை எடுத்து விற்பதாகவும் எழுதியிருந்தார். (இந்த அறியாமையை நான் பின்னர் பல விற்பனைக் குறிப்புகளிற் கண்டேன். ஒன்றும் அறியாதவரிடமிருந்து வாங்குகிறோம், ஆகவே நாமே கெட்டிக்காரர் என்று வாங்குபவரை எண்ணச் செய்வதைக் காட்டிலும் திறமையான வியாபாரம் வேறில்லை.) வயலின் வந்து சேர்ந்தது. நாங்கள் விடுதியிற் கூடியிருந்து அதைக் கேட்டோம். முந்நூறு ஆண்டுகளின் குரல் என்று நண்பரொருவர் சொன்னபோது மறுப்பார் எவரும் இருக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் வெப்பமும் ஈரமும் தம் வேலையைக் காட்டின. பழைய வயலின்கள் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டவை. கழுத்து மூட்டு இளகிற்று. மேற்பலகையின் ஓரமும் வாய் பிளந்தது. திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் மேற்பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். தாழ்சுரத் தந்தியின் கீழே தனியாகச் செய்து ஒட்டப்பட வேண்டிய நீள்கட்டை அங்கே ஒட்டப்பட்டிருக்கவில்லை. பலகையைக் குடையும்போதே அதன் மரத்தில் ஒரு பகுதியை விட்டுவைத்துக் கட்டை போல ஆக்கியிருந்தார்கள். பக்கச் சட்டங்கள் சந்திக்கும் மூலைகளில் உட்கட்டைகளும் இல்லை. "ஜேர்மன் சாமான் பிள்ளை, நூறு, நூற்றிருபது வரியம் இருக்கும்" என்றார். அவள் முகம் இருண்டது. இனி இதைத் தொடவே மனமில்லை என்றாள். அதற்கு அவர், "போன மாசமும் இதே பெட்டியைத்தானே வாசிச்சனீர்? இதுக்கை இப்ப என்ன மாறினது?" என்று கேட்டார்.

அந்த வினாவுக்கு விடை தேடுவதே பின்வருவது.

முதலில் சீட்டை எடுத்துக்கொள்வோம். அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி வட இத்தாலியின் கிரெமோனா நகரிலே வாழ்ந்து 1737 இல் இறந்தவர். அவர் செய்த கருவிகளுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650 என்பர். இவற்றுட் பெரும்பாலானவை எங்கே, யாரிடம் உள்ளன என்பது பதிவாகியுள்ளது. ஆனால் அவர் பெயர் பொறித்த சீட்டுகளைத் தாங்கிய வயலின்களோ உலகின் எந்த நகரத்துப் பழம்பொருட் கடையிலும் கிடைப்பன. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜேர்மனியிலும் பொஹீமியாவிலும் பிரான்சிலும் பெருந்தொகையாக உற்பத்தியான வயலின்களில் இச்சீட்டு அச்சடித்தே ஒட்டப்பட்டது. அன்று அது பெரும்பாலும் மோசடியாகக் கருதப்படவில்லை. ஸ்ட்ராடிவாரியின் வடிவமைப்பைப் பின்பற்றியது என்பதே அதன் பொருள். ஐக்கிய அமெரிக்காவில் சியர்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் விற்பனைப் பட்டியல்களில் இவ்வகை வயலின்களை ஸ்ட்ராடிவாரி மாதிரி என்றே வெளிப்படையாக விளம்பரம் செய்து, தபாலிற் சில டொலர்களுக்கு விற்றன. வாங்கிய விவசாயிக்கும் தாம் வாங்கியது எதுவென்று தெரிந்திருந்தது. விற்பனைப் பட்டியல் குப்பைக்குப் போயிற்று. சீட்டு மட்டும் பெட்டிக்குள்ளே தங்கிற்று. மாதிரி என்ற சொல் உதிர்ந்து பெயர் மட்டும் மூன்றாந் தலைமுறையிடம் வந்து சேர்ந்தது. பொய் பிறந்தது இந்த இடைவெளியிலேதான்.

சீட்டின் இலத்தீன் வாசகத்தில் 'ஃபாகியேபாத்' என்றொரு வினைச்சொல் உண்டு. செய்து முடித்தான் என்னாது, செய்துகொண்டிருந்தான் என்னும் பொருள் தருவது அது. இன்னும் முடியாத வேலை என்று கைவினைஞன் அடக்கத்தோடு குறித்த சொல், அவன் இறந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவன் செய்துகொண்டே இருப்பதாகச் சான்று கூற நேர்ந்தது விந்தையே. இதனினும் நுட்பமானது ஏலக்காரரின் இலக்கணம். 'ஸ்ட்ராடிவாரி செய்தது' என்று அவர்கள் எழுதுவது மிகச் சில கருவிகளுக்கே. 'ஸ்ட்ராடிவாரி எனச் சீட்டிடப்பட்டது' என்று எழுதினால், உள்ளே அப்படியொரு சீட்டு இருக்கிறது என்பதற்கு மேல் அவர்கள் எதற்கும் பொறுப்பாளர் அல்லர். 'அவர்க்குரியதெனக் கருதப்படுவது', 'அவர் மரபைச் சேர்ந்தது' என்பனவும் இத்தகையனவே. செயப்பாட்டு வினையில் எழுவாய் மறைந்து நிற்கும் என்பதை இலக்கண வகுப்பிற் படித்த நாமே, சீட்டை இட்டது யார் என்று கேட்காமல் ஏமாறுகின்றோம்.

அச்சீட்டே சிலவேளை தன்னைக் காட்டிக்கொடுத்தும் விடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அந்நாட்டுக்குள் வரும் பண்டங்களிற் பிறந்த நாட்டின் பெயர் ஆங்கிலத்திற் குறிக்கப்படல் வேண்டும். ஆகவே ஸ்ட்ராடிவாரியின் பெயர், 1721 என்ற ஆண்டு ஆகியவற்றின் கீழே சிறிய எழுத்தில் ஜேர்மனி என்று அச்சிட்ட சீட்டுகள் ஏராளமாக உள. செக்கோசிலோவாக்கியா என்றிருப்பின் அந்நாடு 1918 இலேதான் தோன்றியது என்பதை நினைவிற் கொண்டாற் போதும். மேற்கு ஜேர்மனி என்றிருப்பின் 1949 க்கு முன் செல்லவே இடமில்லை. இவ்விடத்தில் ஒரு தவறான முடிவைத் தடுத்தல் அவசியம். நாட்டின் பெயர் இல்லை, ஆகவே இது 1891 க்கு முற்பட்டது என்று விற்பனைக் குறிப்புகள் அடிக்கடி வாதிடும். அமெரிக்காவுக்கென அனுப்பப்படாத வயலினுக்கு அச்சட்டம் பொருந்தாது. பொருந்தியவற்றிலும் ஈரத்துணியால் ஒரு சீட்டை அகற்ற அதிக நேரம் தேவையில்லை. இல்லாத சான்றைக் கொண்டு இருக்கும் வயதை நிறுவுதல் எந்த ஆராய்ச்சி முறை?

சீட்டைத் தள்ளினால் எதைக் கொள்வது? வயலின் செய்யப்பட்ட முறையையே கொள்ள வேண்டும். இதுவே அதன் அகச்சான்று. இதை விளங்கிக்கொள்ளச் சாக்சனி மாநிலத்தின் தெற்குக் கோடியிலுள்ள மார்க்நொய்கிர்சென் என்ற சிறு நகரத்துக்குச் செல்லவேண்டியுள்ளது. பொஹீமியாவிலிருந்து சமயக் காரணங்களுக்காக வெளியேறிய புரட்டஸ்தாந்த வயலின் தச்சர் பன்னிருவர் 1677 இல் அங்கே தம் கைவினைச் சங்கத்தை நிறுவினர். இருநூறு ஆண்டுகளில் அது உலகச் சந்தைக்கு வயலின் அனுப்பும் மையமாயிற்று. அமெரிக்க வணிகத்தின் பெருக்கத்தால், அச்சிறு நகரிலே 1893 முதல் ஐக்கிய அமெரிக்காவின் தூதரக அலுவலகம் ஒன்றே இயங்கியதென்றால் அதன் அளவை ஊகிக்கலாம். ஆனால் அங்கே புகைபோக்கிகளை உடைய பெருந்தொழிற்சாலை இருந்ததென எண்ணுதல் தவறு. வேலை வீடுகளில் நடந்தது. எல்லைக்கு அப்பால் ஷேன்பாக்கிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒரு குடும்பம் கழுத்தும் சுருள்தலையும் மாத்திரம் செதுக்கும். இன்னொரு குடும்பம் பெட்டியை மாத்திரம் கட்டும். பலகை குடைவோர் வேறு. வார்னிஷ் பூசுவோர் வேறு. இவர்கள் யாவர்க்கும் துண்டுக்கணக்கிற் கூலி. துண்டுகளை வாங்கி, பொருத்துவித்து, சீட்டொட்டிக் கப்பலேற்றிய வணிகரே செல்வராயினர்.

இந்த உழைப்புப் பிரிவினையின் தடயங்கள்தாம் நாம் படத்திற் காண்பவை. துண்டுக்கணக்கிற் கூலி பெறுபவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேரத்தைச் செலவிடமாட்டான். ஆகவே சுருள்தலையின் பின்புறத்துப் பள்ளம் தாடைக்குக் கீழே முழுமையாகச் செல்லாமல் இடையிலேயே நின்றுவிடும். உச்சுவார்ப்பு இன்றிப் பின்பலகையின்மேலேயே பக்கச்சட்டங்கள் கட்டப்பட்டிருக்கும். மூலைக்கட்டைகள் இரா, அல்லது ஒலித்துளை வழியே எட்டிப் பார்ப்பவர் கண்ணிற் படும் மூலைகளில் மாத்திரம் பொய்க்கட்டை வைத்து, மற்றவை வெறுமையாக விடப்பட்டிருக்கும். விளிம்பைச் சுற்றிச் செல்லும் மெல்லிய கரிய இரட்டைக்கோடு மரத்திற் பதிக்கப்படாமல் மையால் வரையப்பட்டிருக்கும். பழமைத் தோற்றத்துக்காக நடுவிலே வெளிறவும் ஓரங்களிற் கருகவும் வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். மெய்யான தேய்மானம் இப்படிச் சீராக அமையாது. வாசிப்பவனின் இடக்கை உயர்சுரங்களுக்கு ஏறும்போது உரசும் தோள்விளிம்பு, மோவாய் படியும் இடம், வில்லும் விரலும் அடிக்கடி தொடும் ஓரங்கள் ஆகியனவே தேயும். தேய்மானத்துக்கு ஒரு மனித உடலின் வடிவம் உண்டு. அவ்வடிவம் இல்லாத தேய்மானம் தூரிகையால் உண்டானது.

இன்னுமொரு சான்றைக் கூறுவேன். 18 ஆம் நூற்றாண்டின் வயலின்களுக்குக் கழுத்து குறுகியும் குறைவாகச் சாய்ந்தும் இருந்தது. 1800 ஐ அண்டிய காலத்தில், தந்தியின் இழுவிசை கூட, அவற்றின் கழுத்துகள் மாற்றப்பட்டன. பழைய சுருள்தலையை அறுத்தெடுத்துப் புதிய கழுத்தில் ஒட்டினர். ஆகவே முளைப்பெட்டியின் இருபக்கத்திலும் ஒட்டு மூட்டின் கோடு தெரிவது பழமைக்கு ஓர் அடையாளமாயிற்று. அடையாளத்துக்குச் சந்தையில் விலை உண்டென்று கண்டதும், புதிய வயலினிலும் அவ்விடத்தில் ஒரு கோட்டைக் கீறிவிட்டனர். எனவே கோட்டின் இருபுறத்திலும் மரத்தின் இழையோட்டம் மாறுகின்றதா என்று பார்க்கவேண்டும். மாறாவிடின் அது கீறல், மூட்டு அன்று. இதற்குத் தெளிவான, அண்மையிலெடுத்த படம் வேண்டும். விற்பனைக் குறிப்புகளில் வயலின் பட்டுத்துணியிற் கிடக்கும் அழகிய படங்கள் பத்து இருக்கும். இந்த ஒரு படம் இராது.

படத்தால் அறியக்கூடியதன் எல்லையையும் ஒத்துக்கொள்வோம். மேற்பலகையையும் பின்பலகையையும் இடையே தாங்கி உள்ளே நிற்கும் ஒலித்தூண், பின்பலகையை அழுத்தும் இடத்தில் வெடிப்பு உண்டா? புழு குடைந்த துளைகள் மெழுகால் அடைக்கப்பட்டுள்ளனவா? பலகை பிற்காலத்திற் சுரண்டி மெலிவிக்கப்பட்டதா? கழுத்தின் சாய்வு சரியா? இவற்றைத் திரையிற் காண்பது அரிது. பின்பலகையில் ஒலித்தூண் வெடிப்பு உள்ளதாயின் நல்ல வயலினின் விலையும் பெரிதும் வீழ்ந்துவிடும். தொலைபேசியிற் பதிவுசெய்த ஒலித்துண்டைக் கொண்டு நாதத்தை மதிப்பிடுவோரைப் பற்றி ஒன்றும் சொல்லாது விடுகிறேன்.

விஞ்ஞானம் இருக்கின்றதே, அது தீர்த்துவைக்காதா என்று சிலர் கேட்பர். மரவளைய ஆய்வு என்பது மெய்யாகவே மதிக்கத்தக்க முறை. வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. அதன் இழைகள் ஆண்டுதோறும் வளர்ந்த வளையங்களே. வளையங்களின் அகலக் குறுக்கங்களை அளந்து, காலம் தெரிந்த அல்ப்ஸ் மலை மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால் கடைசி வளையம் எந்த ஆண்டில் வளர்ந்தது என அறியலாம். ஆனால் அது தருவது காலத்தின் மேலெல்லையை மாத்திரமே. இவ்வாண்டுக்கு முன் இது செய்யப்பட்டிருக்க முடியாது என்று அது கூறும். இவ்வாண்டிற் செய்யப்பட்டது என்றோ, இன்னார் செய்தார் என்றோ கூறாது. ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள, 1716 ஆம் ஆண்டுக்குரிய 'மெசையா' என்னும் ஸ்ட்ராடிவாரி வயலின் மெய்யானதா என்ற ஐயம் 1990களின் இறுதியிற் கிளம்பியது. 19 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தச்சரும் பெரும் படிசெய்வோருமான வியூயோமின் கைவழியாக அது வந்தமை ஐயத்தை வளர்த்தது. தொடர்ந்த ஆய்வுகள் கடைசி வளையத்தை 1680களில் நிறுத்தின. அத்தோடு, மரம் பிற்காலத்தது என்ற தடை நீங்கிற்று. அவ்வளவே. பழைய கதவிலும் கூரையிலும் கிடைத்த முதிர்ந்த மரத்தைக் கொண்டு நேற்றும் வயலின் செய்யலாம். மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் வேறுபாடு அறியாதவன் இலக்கிய வரலாறும் எழுதலாகாது, வயலினும் வாங்கலாகாது.

அப்படியாயின் வல்லுநர் சான்றிதழே போதும் என்பது அடுத்த வாதம். வயலின் உலகிலே சான்றிதழ் வழங்குவோர் பலர் வயலின் விற்போரும் ஆவர் என்பது இவ்வாதத்தை முன்வைப்போர் மறந்துவிடும் உண்மை. தன் மாட்டுக்குத் தானே சுழி பார்க்கும் தரகனை நாம் ஊரில் நம்புவதில்லை. வியன்னாவை மையமாகக் கொண்டு உலகெங்கும் கடை விரித்திருந்த டீட்மார் மாஹோல்ட் என்னும் வணிகர், இரு வயலின்களை ஸ்ட்ராடிவாரி எனத் தாமே மதிப்பிட்டு வங்கியொன்றில் ஈடு வைத்தார். வங்கி அவருடைய சொல்லையே சான்றாக ஏற்றது. பின்னர் அவை சில ஆயிரம் யூரோவே பெறுமதியானவை என்று தெரிந்தது. 2012 இல் வியன்னா நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தது. வல்லுநர் யாவரும் கள்வர் என்று நான் கூறவில்லை. நேர்மையும் ஆழ்ந்த பயிற்சியும் உடையோர் பலர் உளர். வார்னிஷின் ஆழத்தையும் உளியின் போக்கையும் கண்டு அவர்கள் கூறுவதை எந்தப் பொறியும் கூறாது. ஆனால் மதிப்பிடுபவன் விற்பதிற் பங்காளியா என்று கேட்கும் உரிமை வங்கிக்கும் இருந்தது, நமக்கும் இருக்கின்றது.

இனி மதிப்புக்கு வருவோம். இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. பழமையும் பெரும்பெயரும் நாதச் சிறப்பும் ஒன்றே என்பது பலருடைய உள்ளத்தில் ஐயமின்றிப் பதிந்துள்ளது. வரலாறு இதை ஏற்கவில்லை. 18 ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய இரசிகர் ஸ்ட்ராடிவாரியினும் மேலாக மதித்தது தீரோல் நாட்டு அப்சாம் ஊரினரான யாக்கொப் ஸ்டைனரின் வயலின்களையே. அவை மேடான வளைவுடையவை. இனிய, ஒடுங்கிய குரலுடையவை. பிரபுக்களின் அறைகளுக்குப் பொருத்தமானவை. பின்னர் கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்கான பெருங்கூடங்கள் எழுந்தன. அவற்றின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் தேவைப்பட்டது. 1782 இல் வியோத்தி என்னும் கலைஞர் பரிசில் மேடையேறிய பின்னர் தட்டையான வளைவும் வலிய குரலும் உள்ள ஸ்ட்ராடிவாரிக்கு மவுசு பெருகிற்று. வயலின்கள் மாறவில்லை, கூடங்களும் கூடங்களில் இருந்தோரும் மாறினர். சமூகம் மாற மதிப்பும் மாறிற்று. மதிப்பு மரத்துக்குள்ளே உறைவதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

காதால் மதிப்பிடுவோம் என்போருக்கும் விடை உண்டு. 2010 இல் இந்தியானாபொலிஸ் நகரில் குளோடியா ஃப்ரிட்ஸ், ஜோசப் கேர்ட்டின் முதலிய ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினர். வெளிச்சம் குறைந்த அறையிலே, கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிந்த 21 வயலின் கலைஞர்களிடம் ஆறு வயலின்கள் கொடுக்கப்பட்டன. மூன்று புதியவை, மூன்று பழையவை. பழையவற்றுள் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்நேரி. வீட்டுக்கு எதைக் கொண்டுசெல்வீர் என்று கேட்டபோது பெரும்பான்மையோர் புதியதையே எடுத்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012 இல் பரிசில் பத்துத் தனிக்கலைஞரைக் கொண்டு பன்னிரண்டு வயலின்களோடு நடந்த சோதனையிலும் பழையது எது, புதியது எது என்று அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. குறைந்த தொகையினரைக் கொண்டே இவை நடந்தன என்ற குறை கூறப்படுவது உண்மைதான். ஸ்ட்ராடிவாரி தாழ்ந்தது என்று இவை நிறுவவும் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் விலை கேட்பதில்லை என்பதை நிறுவின.

2011 இல் 'லேடி பிளன்ட்' என்னும் ஸ்ட்ராடிவாரி இணையவழி ஏலத்தில் 15.9 மில்லியன் டொலருக்கு விலைபோயிற்று. யப்பானிய நிலநடுக்க, ஆழிப்பேரலை நிவாரணத்துக்கென விற்கப்பட்டது அது. அது செய்யப்பட்ட ஆண்டு 1721. எங்கள் தோழியின் வயலினிலுள்ள அதே ஆண்டு! சீட்டிலுள்ள எழுத்துகளும் ஏறத்தாழ அவையே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள விலைவேறுபாட்டைச் செவிப்புலனின் வேறுபாடு என்று எவரும் விளக்க முடியாது. அருமை, உரிமைப் பரம்பரை, முதலீட்டாளரின் போட்டி ஆகியன சேர்ந்து ஆக்கிய விலை அது. அதை மறுப்பதற்கில்லை, கலைப்பொருட் சந்தையின் இயல்பு அது. ஆயின் அந்த விலையின் நிழலிலே நின்று, சில நூறு டொலர் பெறுமதியான பெட்டிக்குச் சில ஆயிரம் டொலர் கேட்கப்படும்போதுதான் இரவு வேலை செய்த மாமனின் பணம் களவு போகின்றது.

நம் இசைக்கு இந்தச் சந்தை விலை எவ்வளவு பொருந்தும் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இக்கருவியைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினர். நாம் அதை நிலத்திலிருந்து வாசிக்கின்றோம். ஐந்தாம் சுருதி வைத்துக் கட்டும் ஐரோப்பிய முறையை விடுத்து ஷட்ஜ பஞ்சமங்களாகத் தந்திகளைச் சேர்க்கின்றோம். அவற்றின் இழுவிசையையும் பெரும்பாலும் தாழ்த்துகின்றோம். கமகத்தின் வழுக்கு, பாடகனின் குரலோடு இழையும் தன்மை ஆகியனவே நாம் வேண்டுவன. இரண்டாயிரம் பேர் இருக்கும் கூடத்தில் நிறைபல்லியத்தை ஊடறுத்துச் செல்லும் வன்மை நம் கச்சேரிக்குத் தேவையில்லை. ஒலிவாங்கி அதைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே எது நல்ல வயலின் என்ற வினாவுக்கு இலண்டனின் விடையை யாழ்ப்பாணம் அப்படியே பிரதிசெய்வது அறியாமை. நமது வித்துவான்கள் பலர் பெயரறியாத ஜேர்மன் பெட்டிகளிலேதான் தம் வாழ்நாளைக் கழித்தனர். அவர்களுடைய சங்கீதத்திற் குறை கண்டவர் யார்?

இனி அந்தப் போலி என்ற சொல்லுக்கு வருகிறேன். சீட்டு பொய் என்று தெரிந்ததும் எம் விடுதியில் எல்லோர் வாயிலும் வந்த சொல் அது. முந்நூறு ஆண்டுகளின் குரல் என்ற நண்பரே அதை முதலிற் சொன்னார். யாருக்குப் போலி? ஸ்ட்ராடிவாரிக்குப் போலி, சரி. ஆனால் மேப்பிள் மரத்தைப் பிளந்து, இரவு விளக்கிற் சுருள்தலை செதுக்கிய அந்தப் பொஹீமியக் குடும்பத்துக்கு அது மெய்யான வேலை. அவர்களுடைய பெயரை எழுதச் சீட்டில் இடம் கொடுக்கப்படவில்லை. 1945 க்குப் பின் ஷேன்பாக்கின் ஜேர்மன் மொழி பேசிய தச்சர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பலர் பவேரியாவின் பூபென்றொய்த் என்ற ஊரிலே மீண்டும் உளியைக் கையிலெடுத்தனர். ஊரை இழந்து தொழிலைச் சுமந்து சென்றவர்களின் கதை நமக்கு விளங்காத கதை அன்று. செய்தவன் பெயரை மறைத்து இறந்தவன் பெயரை ஒட்டியது வணிகம். அந்தப் பெயர் பொய்யென்று கண்டதும் செய்தவனுடைய வேலையையும் சேர்த்து இகழ்பவர்கள், வணிகன் செய்த அநீதியை இரண்டாம் முறை செய்கின்றனர்.

அந்த வேலையில் யாவும் சிறந்தது என்று நான் பொய் கூறமாட்டேன். அவசரத்திற் குடைந்த பலகைகள் தடித்தே இருக்கும். விட்டுவைத்த கட்டை குரலை மந்தமாக்கும். திருத்துபவர் எங்கள் தோழியின் பெட்டியில் அந்தக் கட்டையைச் சீவி எடுத்துப் புதிய கட்டை ஒட்டினார். மூலைகளுக்கு உட்கட்டை இட்டார். கழுத்தின் சாய்வையும் சரிசெய்தார். இப்பொழுது மத்திம ஸ்தாயி முன்னையினும் தெளிவாகப் பேசுகின்றது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள், சற்றுத் தயக்கத்தோடு.

மேற்பலகையை மூடுமுன் ஒரு வாக்குவாதம் எழுந்தது. அந்தச் சீட்டைக் கிழித்தெறிய வேண்டும் என்றார் நண்பர். நான் மறுத்தேன். சீட்டு அகன்றால் அவ்விடத்தில் ஒரு வெளிறிய சதுரம் மிஞ்சும். முப்பது ஆண்டுகளின் பின் இது வேறொருவர் கைக்குப் போய் மீண்டும் ஏலத்துக்கு வரும்போது, சீட்டில்லாத பழைய வயலின், 18 ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று எழுத அந்தச் சதுரமே போதும். அவளும் அதை ஏற்றாள். திருத்துபவர் பென்சிலை எடுத்து, சீட்டுக்குப் பக்கத்தில் வெறும் மரத்தின்மேல், சாக்சனி அல்லது பொஹீமியா, ஏறத்தாழ 1900, புதிய நீள்கட்டை இடப்பட்டது என்று தமிழில் எழுதி, அன்றைய திகதியும் இட்டு, பசையைச் சூடாக்கப் போனார்.